நெரிசல் எங்கே பிறக்கிறது?

மனிதர் புழங்கும் இடம் அவர்களுடைய மனநிலையையும் பழக்கவழக்கத்தையும் எப்படி மாற்றுகிறது என்பதை ஆராயும் துறை சூழல் உளவியல். சுவர் நிற்குமா, கூரை ஒழுகுமா என்று பொறியாளர் பார்க்கிறார். கதவைத் திறந்ததும் யார் முகத்தில் விழிக்க நேரும், சன்னல் வழியே என்ன தெரியும், அடுத்த வீட்டுப் பேச்சு எவ்வளவு கேட்கும் என்பதை இத்துறை பார்க்கிறது. 1960களில்தான் இது தனித்துறையாக வளர்ந்தது.

இதன் அடிப்படைக் கருத்துகளை விளக்க மலாக்காத் தமிழர்களின் குடியிருப்பு வரலாறே போதும். 1896இல் டான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டதிலிருந்து மலாக்காவில் தோட்டங்கள் பெருகின. அவற்றோடு லயங்களும் வந்தன. பின்னர் தோட்ட நிலங்கள் கைமாறின. மலாக்காவின் குருபோங் வட்டாரத்தில் இன்று கண்ணில் படுபவை தாமான் எனப்படும் வீடமைப்புக் குடியிருப்புகளும் தொழிற்பேட்டையும்தாம். லயத்தில் பிறந்து, தாமானில் பிள்ளைகளை வளர்த்து, முதுமையில் அடுக்குமாடி வீட்டுக்குப் போனவர்கள் மூன்று வகைக் கட்டடங்களை ஒரே வாழ்நாளில் பார்த்துவிட்டார்கள்.

லயத்தில் வீடுகள் ஒரே கூரையின் கீழ் வரிசையாக நின்றன. பல லயங்களில் இடைச்சுவர் கூரை வரை எழவில்லை. ஒரு வீட்டுச் சண்டையும் இருமலும் மூன்று வீடு தள்ளிக் கேட்கும். தண்ணீர்க்குழாயும் கழிப்பறையும் பொது. லயத்து வாழ்க்கையை ஏக்கத்தோடு பேசுபவர்கள் மழைக்கால இரவுகளை மறந்துவிடுகிறார்கள். ஆனாலும் ஒவ்வொரு வீட்டுக்கும் முன்னால் ஒரு தாழ்வாரம், அதற்கு அப்பால் வாசல், அதற்கும் அப்பால் எல்லாருக்கும் பொதுவான திடல் என்று இடம் படிப்படியாக விரிந்தது. தாழ்வாரத்தில் உட்கார்ந்தவரோடு பேசலாம். உள்ளே போனவரை அழைக்கத் தயங்குவார்கள். பழகுவதா ஒதுங்குவதா என்பதை வீட்டுக்காரரே முடிவு செய்ய முடிந்தது.

தனிமை என்பது ஆளில்லாமல் இருப்பதன்று என்றார் அமெரிக்க உளவியலாளர் இர்வின் ஆல்ட்மன். பிறர் நம்மை நெருங்கும் அளவைக் கூட்டவும் குறைக்கவும் நமக்கு இருக்கும் வாய்ப்பே தனிமை என்று 1975இல் வெளிவந்த நூலில் அவர் விளக்கினார். அந்த வாய்ப்பு கையை விட்டுப் போகும்போது நெரிசல் உணர்வு தலைதூக்குகிறது. அதனால் ஒரு சதுர அடிக்கு எத்தனை பேர் என்ற கணக்கு மட்டும் நெரிசலை அளந்துவிடாது.

இதை உளவியலாளர்கள் ஆண்ட்ரூ பாமும் ஸ்டூவர்ட் வேலின்சும் நியூயார்க் மாநிலத்தின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழக விடுதிகளில் சோதித்தார்கள். ஒரு வகை விடுதியில் நீண்ட நடைவழியின் இருபுறமும் அறைகள். முப்பதுக்கும் மேற்பட்ட மாணவர்களுக்குக் குளியலறை பொது. இன்னொரு வகையில் நான்கு முதல் ஆறு பேர் வரை ஒரு தொகுப்பாக வசித்தார்கள். தலைக்குக் கிடைத்த இடம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் நடைவழி மாணவர்களே நெரிசல் என்று குறைபட்டார்கள். விடுதிக்கு வெளியே, காத்திருப்பு அறையில் முன்பின் தெரியாத ஒருவரோடு இருக்க நேர்ந்தபோதும் அவர்கள் தள்ளியே உட்கார்ந்தார்கள். வேண்டாத சந்திப்புகள் நாள் முழுதும் தொடர்ந்ததால் ஒதுங்குவதே பழக்கமாகிவிட்டது. பிறகு நடந்த ஓர் ஆய்வில், நீண்ட நடைவழியின் நடுவே இருந்த சில அறைகளைப் பொதுக்கூடமாக்கி, கதவு போட்டு நடைவழியை இரண்டாகப் பிரித்தார்கள். குறைகள் தணிந்தன. ஒரு கதவு செய்த வேலை அது.

மலேசியாவின் மக்கள் வீட்டுத் திட்ட அடுக்குமாடிகளில் ஒரு வீட்டுக்கு ஏறத்தாழ 700 சதுர அடியும் மூன்று படுக்கையறைகளும் உண்டு. லயத்து வீட்டை விட இது தாராளம். இருந்தும் அடைபட்டதாக முதியவர்கள் உணர்ந்தால் அதைப் பழைய நினைவின் பிடிவாதம் என்று தள்ளிவிட முடியாது. இரும்புக் கிரில்லைத் திறந்தால் நேரே பொது நடைவழி. இடையில் படியில்லை, தாழ்வாரமில்லை. செருப்பு அடுக்கும் துளசித் தொட்டியும் கதவோரத்துச் சிறு கோலமும் நடைவழியில் இரண்டடியைத் தமக்கென்று பிடித்து வைக்கின்றன. தீயணைப்பு விதி அவற்றை இடையூறு என்று பார்க்கலாம். சூழல் உளவியல் அவற்றை வரைபடம் கொடுக்க மறந்த திண்ணை என்று படிக்கும். ஒரு தளத்தில் ஒரே நடைவழியைப் பகிரும் கதவுகளைக் குறைப்பதும், கதவுக்கு முன் நான்கடி உள்வாங்கிய இடம் விடுவதும் வரைபட நிலையில் பெரிய செலவில்லாத மாற்றங்கள்.

மலாக்காவின் பழைய கட்டடங்களில் இந்த அறிவு இருக்கிறது. காஜா பெராங் பகுதியிலுள்ள கம்போங் செட்டி கிராமத்து வீடுகளின் முன்திண்ணையும் மாவிலைத் தோரணம் தொங்கும் நிலையும் தெருவையும் வீட்டையும் இணைக்கின்றன, பிரிக்கவும் செய்கின்றன. நகரத்துக் கடைவீடுகளின் முன்னால் கூரையிட்ட நடைபாதையாக ஓடும் அஞ்சடியும் அப்படித்தான். குறுகிய முகப்பும் நீண்ட உடலும் கொண்ட அவ்வீடுகளுக்குள் வானம் பார்த்த முற்றம் வெளிச்சத்தையும் காற்றையும் இறக்குகிறது.

வெளிச்சமும் காற்றும் மட்டுமன்றி, சன்னல் வழியே தெரியும் காட்சிக்கும் வலிமை உண்டு என்பதை ஆய்வாளர் ரோஜர் உல்ரிச் 1984இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. பென்சில்வேனியா மருத்துவமனை ஒன்றில் பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 பேரின் பதிவேடுகளை அவர் ஒப்பிட்டார். சன்னல் வழியே மரங்களைப் பார்த்தவர்கள், செங்கல் சுவரைப் பார்த்தவர்களை விடச் சராசரியாக முக்கால் நாள் முன்னதாக வீடு திரும்பினார்கள். கடுமையான வலிமருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. நோயாளிகள் சிலரே என்பதை மறக்கக்கூடாது. ஆனாலும் மருத்துவமனை வடிவமைப்பின் போக்கை அந்த ஆய்வு திருப்பிவிட்டது. 2010இல் திறக்கப்பட்ட சிங்கப்பூரின் கூ தெக் புவாட் மருத்துவமனை தோட்டங்களைச் சுற்றியே எழுந்தது.

மலேசியாவின் 1984ஆம் ஆண்டுக் கட்டடத் துணைவிதிகள், குடியிருப்பு அறையின் சன்னல் பரப்பு தரைப்பரப்பில் பத்தில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்கின்றன. வகுப்பறைக்கு ஐந்தில் ஒரு பங்கு. சன்னல் எதைப் பார்த்து நிற்கிறது என்பதை அந்த அளவு சொல்லாது. பக்கத்துக் கட்டடத்தின் குளிரூட்டிப் பெட்டியைப் பார்த்த சன்னலும் கணக்கில் தேறிவிடும்.

ஓசையின் கதை வேறு. 1975இல் உளவியலாளர் ஆர்லீன் பிரான்ஸாஃப்ட், மன்ஹாட்டனில் ரயில் மேம்பாலத்தை ஒட்டிய பள்ளியில், தண்டவாளப் பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் மறுபக்கத்துப் பிள்ளைகளை விட வாசிப்பில் பின்தங்கியிருப்பதைக் கண்டார். கூரையில் ஒலியுறிஞ்சும் பலகையும் தண்டவாளத்தில் ரப்பர் மெத்தையும் வைத்த பிறகு அந்த வேறுபாடு மறைந்தது. ஒரே கூடத்தை அலமாரியாலும் பலகையாலும் தடுத்து இரண்டு மூன்று வகுப்புகள் நடத்திய பழைய தோட்டத் தமிழ்ப்பள்ளிகளில், பிள்ளைகளின் கவனக்குறைவுக்குக் கட்டடமும் ஒரு பங்கு பொறுப்பாளி.

கட்டடமே எல்லாவற்றையும் தீர்மானிக்கும் என்று வாதிட்டால் அது மிகை. பொதுக் குடியிருப்புகளில் குற்றம் பெருகுவதற்கு யாருக்கும் சொந்தமில்லாத மாடிப்படிகளும் கூடங்களும் காரணம் என்று கட்டடக் கலைஞர் ஆஸ்கர் நியூமன் 1972இல் எழுதியபோது, வறுமையையும் பராமரிப்பையும் அவர் குறைத்து மதிப்பிட்டதாக விமர்சனம் எழுந்தது. மின்தூக்கி மாதக்கணக்கில் பழுதாகிக் கிடக்கும் கட்டடத்தில் எந்தத் திண்ணையும் கைகொடுக்காது. அதனால்தான் குடியேறிய பிறகும் ஆய்வு தொடர வேண்டும் என்று இத்துறை வற்புறுத்துகிறது. துணி எங்கே காய்கிறது, முதியவர் மாலையில் எங்கே உட்காருகிறார், சாவு வீட்டுக்குக் கூடாரம் எங்கே போடுகிறார்கள் என்று நேரில் பார்த்து, அடுத்த குடியிருப்பின் வரைபடத்தை அதற்கேற்பத் திருத்துவதே அந்த ஆய்வின் பயன்.