கூடைப் பந்து ராணி

1977-ம் வருஷம் ஜூன் மாதத்தில் அமெரிக்காவில் ஒரு விசித்திரமான காரியம் நடந்தது. அது எவ்வளவு விசித்திரம் என்று தெரிய வேண்டுமானால், அந்த நாட்டுக் கூடைப் பந்து வியாபாரத்தைப் பற்றி நேயர்கள் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும்.

அங்கே கூடைப் பந்து வெறும் விளையாட்டு அல்ல. ஏராளமான பணம் புரளும் தொழில். ‘என்.பி.ஏ.’ என்று மூன்று எழுத்துக்களால் பிரசித்தி பெற்ற சங்கத்தைச் சேர்ந்த கோஷ்டிகள் வருஷத்துக்கு ஒரு முறை கூடி, கலாசாலைகளிலிருந்து வெளிவரும் வாலிப ஆட்டக்காரர்களை முறை வைத்துத் தேர்ந்தெடுத்துக்கொள்கின்றன. ஒரு கோஷ்டி எடுத்துக்கொண்ட வாலிபனிடம் இன்னொரு கோஷ்டி பேரம் பேசக் கூடாது. நம் ஊர்ப் பெண் பார்க்கும் படலத்தையும் மாட்டுச் சந்தையையும் ஒன்றாகச் சேர்த்தது போன்ற இந்த வைபவத்தில், அந்த வருஷம் நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ் என்னும் கோஷ்டி ஏழாவது சுற்றில் ஒரு பெயரைச் சொல்லிற்று. மொத்தத்தில் 137-வது பெயர் அது. அதற்குப் பிறகும் 33 ஆண்களின் பெயர்கள் வாசிக்கப்பட்டன. ஆனால் 137-வது பெயர் ஒரு பெண்ணின் பெயர்: லூசியா ஹாரிஸ்.

1969-ல் வேறொரு கோஷ்டி டெனிஸ் லாங் என்ற பெண்ணின் பெயரைச் சொன்னதுண்டு. சங்கத்தின் தலைவர் அது செல்லாது என்று தள்ளிவிட்டார். ஆகவே முறைப்படி தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரே பெண்மணி லூசியாதான். இத்தனை வருஷமாகியும் இரண்டாவது பெயர் ஒன்று ஏற்படவில்லை.

இதைவிட விசித்திரம், லூசியா அந்த அழைப்பை ஏற்கவில்லை என்பதே. “வேண்டாம்” என்று சொல்லிவிட்டு அவர் தம் குடும்பத்தைக் கவனிக்கப் போய்விட்டார்.

மிஸ்ஸிஸிப்பி நதியின் சமவெளியில், பருத்தி விளையும் கரிசல் பூமியில், மிண்டர் ஸிட்டி என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. ‘ஸிட்டி’ என்ற பட்டத்தைக் கண்டு ஏமாந்துவிடக் கூடாது; பெயரில் மட்டுமே அது நகரம். அங்கே 1955-ம் வருஷம் பிப்ரவரி 10-ந் தேதி லூசியா பிறந்தாள். கறுப்பு இனத்துக் குடியானவக் குடும்பம், வாரத்துக்கு நிலம் பயிரிட்டுப் பருத்தி எடுக்கும் பெற்றோர், பதினொரு குழந்தைகள். அவள் பிறந்த ஆறு மாதத்துக்கெல்லாம், அதே ஜில்லாவில் மனி என்னும் ஊரிலிருந்து, எம்மெட் டில் என்ற 14 வயதுக் கறுப்புச் சிறுவனை வெள்ளையர் தூக்கிச் சென்று கொன்றார்கள். கொன்றவர்களை ஜூரிகள் குற்றமற்றவர்கள் என்று விடுதலை செய்தார்கள். லூசியா வளர்ந்த மண் எத்தகையது என்பதற்கு இதற்கு மேல் சாட்சியம் தேவையில்லை.

சிறுமி உயரமாக வளர்ந்தாள். அளவுக்கு மீறியே வளர்ந்தாள். உயரத்தைத் தவிர அவளிடம் வேறென்ன இருக்கிறது என்று பொருள்படப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எதுகை வைத்துப் பரிகாசம் செய்தார்கள். வீட்டில் இரவு படுக்கச் சொன்ன பிறகு, டெலிவிஷன் பெட்டியின் மேல் போர்வையைப் போட்டு, வெளிச்சம் வெளியே தெரியாமல், அதற்குள் தலையை நுழைத்துக்கொண்டு கூடைப் பந்துப் பந்தயங்களைப் பார்ப்பாள். ஆஸ்கார் ராபர்ட்ஸன் என்ற புகழ் பெற்ற ஆட்டக்காரரிடம் அவளுக்கு அபாரமான பக்தி. இந்தப் பெயரை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் திரும்ப வரும்.

கிரீன்வுட் நகரிலிருந்த அமாண்டா எல்ஸி ஹைஸ்கூலில் அவள் கோஷ்டித் தலைவியானாள். ஒரே பந்தயத்தில் 46 புள்ளிகள் எடுத்தாள். படிப்பு முடிந்ததும் ஆல்கார்ன் கலாசாலைக்குப் போவதாக இருந்தாள். அங்கே பெண்களுக்குக் கூடைப் பந்துக் கோஷ்டியே கிடையாது. அச்சமயத்தில் கிளீவ்லண்ட் என்ற சிறு பட்டணத்திலுள்ள டெல்டா ஸ்டேட் சர்வகலாசாலை, தான் புதிதாக ஆரம்பிக்கும் பெண்கள் கோஷ்டிக்கு அவளை அழைத்தது.

‘புதிதாக’ என்று சொன்னது முற்றிலும் சரியல்ல. அதற்குள் ஒரு பழைய கதை இருக்கிறது. 1930-ம் வருஷத்தையொட்டி அதே டெல்டா ஸ்டேட்டில் பெண்கள் கோஷ்டி ஒன்று வெகு நன்றாக ஆடிக்கொண்டிருந்தது. 1932-ல் கலாசாலை அதிகாரிகள், இவ்வளவு கடுமையான விளையாட்டு ஸ்திரீகளின் மென்மையான தேகத்துக்கு ஆகாது என்று முடிவு செய்து கோஷ்டியையே கலைத்துவிட்டார்கள். அந்தப் பெண்கள் அழுதார்கள். பிறகு, தங்கள் ஆட்ட உடுப்புக்களைக் குவித்துத் தீ வைத்தார்கள். உடுப்பை எரித்தவர்களில் ஒருவர் மார்கரெட் வேட் என்ற மாணவி. அவர் பள்ளிக்கூட ஆசிரியையாகிப் பல வருஷங்கள் பெண்களுக்கு ஆட்டம் பயிற்றி, பிறகு அதே கலாசாலையின் ஆசிரியர் குழுவில் சேர்ந்தார். 1973-ல் கலாசாலைக்கு ஞானோதயம் உண்டாகி, பெண்கள் கோஷ்டியை மீண்டும் ஆரம்பிக்கலாம் என்று தீர்மானித்தபோது, பயிற்சி கொடுக்க அவரைத்தான் கூப்பிட்டார்கள். அப்போது மார்கரெட் அம்மையாருக்கு வயது 60. நாற்பத்தொரு வருஷம் கழித்து, விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்.

அந்த அம்மையாரிடம்தான் 6 அடி 3 அங்குல உயரமுள்ள லூசியா வந்து சேர்ந்தார்.

டெல்டா ஸ்டேட் கறுப்பு மாணவர்களுக்குத் தன் கதவைத் திறந்ததே 1967-ல்தான். கோஷ்டியில் கறுப்பு இனத்தவர் லூசியா ஒருவரே. ஆடும் மண்டபத்துக்கு வால்டர் ஸில்லர்ஸ் என்பவரின் பெயர் வைத்திருந்தார்கள். வெள்ளையரும் கறுப்பரும் ஒன்றாகப் படிக்கக் கூடாது என்று அந்த மாகாணச் சட்டசபையில் ஓயாமல் பாடுபட்டவர் அவர். அந்த மண்டபத்தில் லூசியாவின் ஆட்டத்தைப் பார்க்கக் கூட்டம் நெரிந்தது. ஆண்கள் ஆட்டத்துக்கு வந்ததைக் காட்டிலும் பெண்கள் ஆட்டத்துக்கு அதிக ஜனங்கள் வந்தார்கள். பெயருக்குரியவர் அதற்குள் காலமாகிவிட்டார்; இருந்திருந்தால் பார்த்திருக்க வேண்டிய காட்சி!

லூசியாவின் ஆட்டத்தில் ஜாலவித்தை ஒன்றும் கிடையாது. வளையத்துக்கு அருகே நிலையாக நிற்பார். தோழி பந்தை எறிவாள். அதை வாங்கி, ஒரு திரும்பு திரும்பி, உயரக் கொண்டுபோய் வளையத்தில் போட்டுவிடுவார். குறி தவறிய பந்து திரும்பி வந்தால் அதையும் அவரே பிடித்துக்கொள்வார். எதிர்க்கட்சியார் இருவரும் மூவருமாகச் சூழ்ந்து நின்றாலும் பயன் இல்லை. நாலு வருஷத்தில் 2,981 புள்ளிகளும், வளையத்தில் பட்டுத் திரும்பிய பந்துகள் 1,662-ம் அவர் கணக்கில் சேர்ந்தன. அவர் ஆடிய காலத்தில் கோஷ்டி 109 பந்தயங்களில் ஜயித்து ஆறே பந்தயங்களில் தோற்றது.

பென்ஸில்வேனியாவிலுள்ள இம்மாக்குலாட்டா என்ற சிறிய கத்தோலிக்கக் கலாசாலை, மூன்று வருஷமாக அமெரிக்கப் பெண்கள் சாம்பியன் பட்டத்தை விடாமல் வைத்துக்கொண்டிருந்தது. 1975-ல் டெல்டா ஸ்டேட் 90-க்கு 81 என்ற கணக்கில் அதைத் தோற்கடித்தது. அந்த வருஷம் ஆடிய 28 பந்தயங்களில் ஒன்றில்கூடத் தோற்கவில்லை. 1976-ல் மறுபடியும் அதே எதிரி, அதே முடிவு. 1977-ல் லூயிஸியானா ஸ்டேட் சர்வகலாசாலையை வென்று மூன்றாவது முறையும் பட்டம். அந்த 1977-லேயே நியூயார்க் மாடிஸன் ஸ்குயர் கார்டன் என்ற பிரசித்தமான அரங்கில் லூசியா ஒருவரே 47 புள்ளிகள் எடுத்தார்.

நடுவில் ஒலிம்பிக் பந்தயம் வந்தது. ஆண்கள் அங்கே 1936 முதற்கொண்டு கூடைப் பந்து ஆடுகிறார்கள். பெண்களுக்கு இடம் கிடைக்க மேலும் 40 வருஷம் ஆயிற்று. 1976 ஜூலை 19-ந் தேதி, கானடாவில் மாண்ட்ரீல் நகரில், ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் நடந்த பந்தயத்துடன் அது தொடங்கியது. பெண்கள் ஒலிம்பிக் கூடைப் பந்தின் முதல் புள்ளிகளை எடுத்தவர் லூசியா. அன்று ஜயித்தது என்னவோ ஜப்பான்தான், 84-க்கு 71. ஸோவியத் கோஷ்டியோ ஏறக்குறைய ஏழடி உயரமுள்ள உல்யானா செம்யோனோவாவை நடுவில் நிறுத்தி, 112-க்கு 77 என்று அமெரிக்காவை நசுக்கியது. மற்ற மூன்று பந்தயங்களில் ஜயித்து அமெரிக்கா வெள்ளிப் பதக்கம் பெற்றது. அந்தக் கோஷ்டியில் அதிகப் புள்ளிகள் எடுத்தவர் பருத்திக் காட்டுப் பெண்தான்.

இனி 1977 ஜூன் மாதத்துக்குத் திரும்புவோம். லூசியாவுக்கு வயது 22. பட்டம் பெற்றாகிவிட்டது. விவாகமும் ஆகிவிட்டது. உலகத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரிகளில் ஒருவர்; ஆனால் அவர் ஆடுவதற்கு அமெரிக்காவில் ஓர் இடம் இல்லை. பெண்களுக்குத் தொழில்முறைச் சங்கம் என்று எதுவும் அப்போது ஏற்படவில்லை. அந்த நிலையில்தான் ஜாஸ் கோஷ்டியின் அழைப்பு வந்தது.

அவர் பயந்துவிட்டார் என்று எண்ணுவது சுலபம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெண்களுக்குள்ளே 6 அடி 3 அங்குலம் என்பது வளையத்தடியில் நிற்கும் ராட்சத உயரம். அந்த ஆண்களுக்குள்ளே அதுவே குள்ளர்களின் வரிசை. அங்கே போனால், கற்ற ஆட்டத்தை மறந்து, வெளியே நின்று பந்தைத் தட்டிச் செல்லும் வேறோர் ஆட்டத்தைப் புதிதாகக் கற்க வேண்டும். தம்மால் அங்கே ஈடு கொடுக்க முடியாது என்பதும், அந்தக் கோஷ்டியார் விளம்பரத்துக்காகவே தம் பெயரைச் சொன்னார்கள் என்பதும் லூசியாவின் எண்ணம். குழந்தைகளைப் பெற்று வளர்க்க வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. அந்நாட்களில் அவர் கர்ப்பவதியாக இருந்தார் என்பது பின்னால் தெரிந்தது. தம் பலத்தின் எல்லையை அறிந்த ஒரு பெண்மணி செய்த தெளிவான முடிவு இது. கேட்க வேண்டிய கேள்வி, அவர் ஏன் மறுத்தார் என்பதல்ல. ஆண்கள் கோஷ்டியின் ஏழாவது சுற்றைத் தவிர வேறு எதையும் அவருக்குக் கொடுக்க அந்தத் தேசத்துக்கு ஏன் தோன்றவில்லை என்பதே.

1978-ல் பெண்களுக்கென்று ஒரு சங்கம் ஏற்பட்டது. 1979-80ல் லூசியா ஹூஸ்டன் ஏஞ்சல்ஸ் கோஷ்டியில் ஒரு பருவம் ஆடினார். 1981-ல் சங்கமே படுத்துவிட்டது. இன்றைக்கும் நிலைத்திருக்கும் டபிள்யூ.என்.பி.ஏ. சங்கத்தின் முதல் பந்தயம் 1997-ல் நடந்தபோது அவருக்கு 42 வயது.

ஆரவாரம் அடங்கிய பின் வாழ்க்கை எளிதாக இல்லை. மனம் ஒரு சமயம் கட்டுக்கடங்காமல் பொங்கியும், ஒரு சமயம் பாதாளத்தில் விழுந்தும் வருத்தும் ‘பைபோலார்’ என்ற நோய் அவரைப் பீடித்தது. அதனுடன் போராடிக்கொண்டே இரண்டு புதல்வர்களையும் இரட்டைப் பெண்களையும் வளர்த்தார். 1984-ல் மேல் பட்டம் பெற்றார். டெக்ஸாஸில் ஒரு சர்வகலாசாலைக் கோஷ்டிக்குப் பயிற்சி கொடுத்தார். பிறகு தாம் படித்த ஹைஸ்கூலுக்கே திரும்பி வந்து ஆசிரியையானார். வகுப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளில் எத்தனை பேர் அவர் யார் என்று அறிந்திருப்பார்கள்?

1992-ல், கூடைப் பந்தைக் கண்டுபிடித்த நெய்ஸ்மித்தின் பெயரால் விளங்கும் புகழ் மண்டபத்தில் அவருடைய பெயரைச் சேர்த்தார்கள். அந்தக் கௌரவம் பெற்ற முதல் கறுப்பு இனப் பெண்மணி அவர். வைபவத்தில் தமக்குத் துணையாக மேடைக்கு வர யாரை அழைக்கிறீர்கள் என்ற கேள்விக்கு, ஆஸ்கார் ராபர்ட்ஸனின் பெயரைச் சொன்னார். அவரும் வந்தார். போர்வைக்குள் ஒளிந்திருந்து பார்த்த மனிதர் பக்கத்தில் நின்றார்.

2021-ல் பென் ப்ரௌட்ஃபுட் என்ற டைரக்டர் அவரைப் பற்றி 22 நிமிஷம் ஓடும் படம் ஒன்று எடுத்தார். அதில் லூசியாவே உட்கார்ந்து கதையைச் சொல்கிறார். ஜாஸ் கோஷ்டிக்குப் போகாததற்காகக் கொஞ்சமும் வருந்தவில்லை என்கிறார். ஆணாகப் பிறந்திருந்தால் பணமும் வந்திருக்கும், இன்னும் ஆடியிருக்கவும் வழி இருந்திருக்கும் என்றும் சொல்கிறார். இரண்டும் ஒரே வாயிலிருந்து வருகின்றன, இரண்டையும் நம்பலாம்.

2022 ஜனவரி 18-ந் தேதி, மிஸ்ஸிஸிப்பியில் மவுண்ட் பேயு என்ற ஊரில், 66-வது வயதில் லூசியா ஹாரிஸ் காலமானார். மார்ச் 27-ந் தேதி அந்தப் படத்துக்கு ஆஸ்கார் பரிசு கிடைத்தது. அதன் பெயர் ‘கூடைப் பந்தின் ராணி’.