பங்குனி வெயில் ஏறும் முன்னே... பக்கத்திலேயே போய் வரலாமே!

"பரீட்சை முடியட்டும், கொடைக்கானல் போயிட்டு வரலாம்!" மாசி பிறந்தால் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வீடுகளில் இந்தப் பேச்சு கிளம்பிவிடும். பரீட்சை முடியும்போது சித்திரை வந்துவிடும். கொடைக்கானலில் ரூம் கிடைக்காது. கிடைத்தாலும் வாடகையைக் கேட்டால் தலை சுற்றும். கடைசியில் பிள்ளைகள் டி.வி. முன்னால்தான்!

ஏனுங்க... மொட்டை மாடியில் நின்று மேற்கே பார்த்தால் தெரிகிறதே ஒரு மலை, அது போதாதா?

பஞ்சாங்கப்படி இளவேனில் என்பது சித்திரையும் வைகாசியும்தான். ஆனால் இந்த இரண்டு ஊர்க்காரர்களும் குடும்பத்தோடு வெளியே கிளம்ப ஏற்ற காலம் மாசியும் பங்குனி முதல் பாதியும். அதிலும் விடிந்ததிலிருந்து பத்து மணி வரை. அதற்குப் பிறகு அடிக்கிற வெயில் குழந்தைகளுக்கும் ஆகாது, பெரியவர்களுக்கும் ஆகாது.

முதலில் செண்பகத்தோப்பு. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மேற்கே மலையடிவாரம். போகிற வழியெல்லாம் மாந்தோப்பும் தென்னந்தோப்பும்தான். 1988-ல் சாம்பல் நிற அணில்களுக்காகவே இங்கே சரணாலயம் அமைத்தார்கள். நம் வீட்டுக் கொல்லையில் ஓடுகிற அணில் என்று நினைத்துவிடாதீர்கள்! உடம்பு நீளத்துக்கு வால் இருக்கும். தரைக்கு வருவதே அபூர்வம். கிளைக்குக் கிளை தாவியே போய்விடும். காலையில் சத்தம் போடாமல் அண்ணாந்து பார்த்தால் தரிசனம் கிடைக்கலாம். பிள்ளைகளைப் பத்து நிமிஷம் வாய் மூடி நிற்க வைப்பது உங்கள் சாமர்த்தியம்! முழங்கால் வலி உள்ள தாத்தா, பாட்டி மலை ஏற வேண்டாம். அடிவாரப் பாதையில் முடிந்த தூரம் நடந்து, நிழலில் உட்கார்ந்து வந்தாலே உடம்புக்கு நல்லது.

2021 முதல் இந்தக் காடு ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம். அதனால் நினைத்தபடி உள்ளே நுழைய முடியாது. முதல் நாளே வனத்துறையிடம் விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். "கொஞ்ச தூரம் விடுங்க சார்" என்று செக்போஸ்ட்டில் மல்லுக்கு நிற்காதீர்கள். கோடையில் காய்ந்த புல்லில் தீ எப்படிப் பரவும் என்பதை 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் பார்த்தோமே. மலையேறப் போனவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள்.

ராஜபாளையத்துக்காரர்களுக்கு அய்யனார் கோயில் அருவி. ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்... ஐப்பசி, கார்த்திகை மழையில் பார்த்த அருவியைப் பங்குனியில் எதிர்பார்க்காதீர்கள். பெரும்பாலும் பாறைதான் மிஞ்சும். அங்கங்கே தேங்கிய தண்ணீரில் பாசி வழுக்கும், ஜாக்கிரதை. காட்டு நிழலுக்காகப் போகலாம். குரங்குகளுக்குத் தீனி போட வேண்டாம். கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரம் கழுவி, அன்றைக்கே வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்கு ஆஸ்பத்திரி போய்விட வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்கக் கூடாது.

அடுத்தது ஆண்டாள் கோயில். பதினோரு நிலைக் கோபுரம், சுமார் 190 அடி. ஆண்டாள் அவதரித்த துளசி நந்தவனமும் இருக்கிறது. பங்குனி உத்திரத்தன்று திருக்கல்யாணம். மதுரையில் சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் சூடிக்கொள்கிற மாலையும் இங்கிருந்துதான் போகிறது.

இங்கேதான் சர்க்கரை நோயாளிகளுக்கு முக்கியமாக ஒன்று சொல்ல வேண்டும். பல வருஷம் சர்க்கரை இருந்தால் பாதத்து நரம்புகள் மரத்துப் போகலாம். நடக்கும்போது செருப்பு கழன்று விழுந்ததே தெரியவில்லை என்று அப்பா சொல்கிறாரா? அதுதான் அடையாளம். இப்படிப்பட்டவர் பகல் பதினோரு மணிக்கு வெறுங்காலோடு கோயில் கல்தளத்தில் நடந்தால் சூடு உறைக்காது. நாம் துள்ளிக் குதித்து நிழலுக்கு ஓடுவோம், அவர் நிதானமாக நடப்பார். சாயங்காலம் பார்த்தால் பாதத்தில் கொப்புளம்! அது புண்ணாகி, சீழ் பிடித்து, விரலை எடுக்கிற நிலைக்குக்கூடக் கொண்டுபோய்விடும்.

எனவே இவர்களுக்குக் காலைத் தரிசனம்தான் நல்லது. முடியாவிட்டால் சாயங்காலம் தளம் ஆறின பிறகு போகட்டும். கெட்டியான பருத்தி சாக்ஸ் ஓரளவு உதவும். உச்சி வெயிலுக்கு அது போதாது. வீடு திரும்பியதும் வீட்டில் யாராவது அவர் பாதத்தை வெளிச்சத்தில் பார்த்துவிட வேண்டும். கொப்புளம் இருந்தால் உடைக்காதீர்கள். பற்பசை, காப்பித்தூள் தடவாதீர்கள். அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.

குடிக்க வீட்டுத் தண்ணீர், நீர்மோர் எடுத்துப் போங்கள். வழியில் இளநீர் கிடைக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் இளநீர் குடிக்க வேண்டாம், அதில் பொட்டாசியம் அதிகம். வெயிலில் யாராவது குழறிப் பேசினாலோ, உடம்பு நெருப்பாய்ச் சுட்டாலோ, நிழலில் படுக்க வைத்து ஈரத்துணியால் துடைத்து விசிறுங்கள். உடனே 108-க்குப் போன் பண்ணுங்கள்.

பால்கோவா வாங்காமல் ஊர் திரும்ப மனசு வருமா? 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்காயிற்றே! காலையிலேயே வாங்கி வெயிலில் நிற்கிற காருக்குள் வைத்தால் கெட்டுப்போகும். கிளம்பும்போது வாங்குங்கள். சர்க்கரை உள்ள தாத்தாவுக்குச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரே ஒரு ஸ்பூன் போதும். மிச்சப் பொட்டலத்தைப் பாட்டி முந்தானையில் முடிந்துகொள்ளட்டும்!