ஆவியும் அழுத்தமும்

கந்தையானாலும் கசக்கிக் கட்ட வேண்டும் என்பது முன்னோர் மொழி. அழுக்கேறிய பட்டினும் தூய்மையான பருத்தி ஆடையே உடுப்போர்க்கு அழகு தரும் என்பது அதன் கருத்து. எனினும், துவைத்து உலர்த்தியதோடு ஆடைப் பணி முற்றுப்பெறுவதில்லை. உலர்ந்த துணியில் நிற்கும் சுருக்கங்களையும் நீக்குதல் வேண்டும். இதற்கென நெடுங்காலமாகப் பயன்பட்டு வருவது இஸ்திரிப் பெட்டி. அண்மைக் காலத்தில், துணியின்மீது நீராவியைப் பாய்ச்சும் சிறு கைக்கருவி ஒன்றும் வீடுகளிற் புகுந்துள்ளது. ஸ்டீமர் என்பது கடைகளில் வழங்கும் பெயர். பெட்டி இருக்க ஆவி எதற்கு? ஆவி வந்த பின்னர்ப் பெட்டி எதற்கு? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண வேண்டுமாயின், துணி ஏன் சுருங்குகிறது, எவ்வாறு நிமிர்கிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

துணியைப் பற்றிப் பேசுதற்குப் புதுச்சேரி மிகவும் பொருத்தமான ஊர். 1674 ஆம் ஆண்டில் பிரெஞ்சு வணிகர் இவ்வூரில் நிலைபெற்றதற்குச் சோழமண்டலக் கரையின் பருத்தித் துணியே முதன்மையான காரணம். அவுரிச் சாயம் தோய்த்த நீலத் துணிகள் இங்கிருந்து கப்பலேறி, மேலை ஆப்பிரிக்காவின் செனகல் நாடு வரை சென்றன. தறியிலிருந்து இறங்கிய துணி அப்படியே கப்பலுக்குச் சென்றதில்லை. வெளுப்போர் அதனை வெளுத்தனர், கஞ்சியிட்டனர், துணி அடிப்போர் மரக்கொட்டாப்புளியால் அடித்து அடித்து அதனை வழவழப்பாக்கினர். நெருப்பு இல்லாமலேயே, அழுத்தத்தால் மட்டும் துணியை மட்டமாக்கிய முறை இது.

ஆடைக்குக் கஞ்சியிடும் வழக்கம் தமிழர்க்குப் புதியதன்று. சங்க நூலாகிய குறுந்தொகையிலேயே அது குறிக்கப்பட்டுள்ளது. நீராவியைத் துணிக்குப் பயன்படுத்துதலும் நம் நாட்டிற்குப் புதியதன்று. வெள்ளாவி வைத்தல் என்னும் தொழிலைச் சிற்றூர் மக்கள் நன்கறிவர். உவர்மண் கரைத்த நீரில் துணிகளைத் தோய்த்து, அடியிற் கொதிக்கும் பானையின்மேல் அடுக்கி, ஆவி ஊடுருவிச் செல்லுமாறு இரவெல்லாம் வைத்திருப்பர். வெப்பமும் ஈரமும் ஒருங்கே சென்று இழைகளைத் தளர்த்தும். அழுக்கு எளிதிற் கழன்று வரும். வெளுப்பதற்கு ஆவியை ஆண்ட அறிவே, இன்று சுருக்கம் நீக்குதற்கும் பயன்படுகிறது.

சூடான கருவியால் துணியைத் தேய்க்கும் முறையும் பழமையானதே. நெருப்புக் கங்குகளை இட்ட கைப்பிடிச் சட்டியால் சீனர் பட்டைத் தேய்த்தனர். மூடியுள்ள கரிப்பெட்டி பிற்காலத்தது. இஸ்திரி என்னும் சொல், நீட்டுதல் எனப் பொருள்படும் போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து வந்தது என்பர் மொழி ஆராய்ச்சியாளர். 1882 ஆம் ஆண்டில் ஹென்றி சீலி என்னும் அமெரிக்கர் மின்சாரத்தாற் சூடேறும் பெட்டிக்குக் காப்புரிமை பெற்றார். 1926 ஆம் ஆண்டளவில் ஆவியை வெளியிடும் பெட்டியும் நியூயார்க் நகரில் விற்பனைக்கு வந்தது. கையில் ஏந்தும் ஆவிக் கருவி இவ்வரிசையில் இளையது.

தெருவோர மர நிழலில் வண்டி நிறுத்தி இஸ்திரி போடும் தொழிலாளியின் செயலை மாணவர் ஊன்றிப் பார்த்தல் வேண்டும். அவர் பெட்டியிற் கரியை இட்டு, விசிறியால் வீசிக் கனலாக்குகிறார். சாம்பல் துணியில் விழாதவாறு பெட்டியின் அடியைத் துடைக்கிறார். துளி நீரைத் தெளித்துச் சூட்டினை அறிகிறார். பின்னர், துணியின்மீதும் நீரைத் தெளிக்கிறார். உலர்த்திக் கொணர்ந்த துணியை மீண்டும் நனைப்பானேன்? இவ்வொரு வினாவிலேயே இத்தொழிலின் நுட்பம் முழுவதும் அடங்கியுள்ளது.

பருத்தி இழை செல்லுலோஸ் என்னும் பொருளால் ஆயது. அதன் மூலக்கூறுகள் நீண்ட சங்கிலிகளைப் போன்றவை. அடுத்தடுத்துக் கிடக்கும் சங்கிலிகளை ஹைட்ரஜன் பிணைப்புகள் என்னும் மெல்லிய பிணைப்புகள் பற்றி நிற்கின்றன. துணி நனையும்போது நீர் உட்புகுந்து அப்பிணைப்புகளைத் தளர்த்துகிறது. பிழிந்த துணி கசங்கிய நிலையிலேயே உலருமாயின், கசங்கிய நிலையிலேயே புதிய பிணைப்புகள் உண்டாகின்றன. அதுவே சுருக்கம். அதனை நீக்க மூன்று செயல்கள் வேண்டும். முதலாவது, ஈரத்தாலும் வெப்பத்தாலும் பிணைப்புகளைத் தளர்த்துதல். இரண்டாவது, தளர்ந்த இழையை நேராக்குதல். மூன்றாவது, நேராகிய நிலையிலேயே அதனை உலரச் செய்தல். தொழிலாளி தெளிக்கும் நீர் முதற்செயலைத் தொடங்கி வைக்கிறது. பெட்டியின் எடை இரண்டாவதைச் செய்கிறது. பெட்டியின் சூடு ஈரத்தைப் போக்கி மூன்றாவதையும் முடிக்கிறது.

இனி, ஆவிக் கருவி இம்மூன்றையும் எவ்வாறு செய்கிறது எனக் காண்போம். அதில் சிறு நீர்க்கலமும் மின்சாரச் சூடேற்றியும் உள்ளன. 1500 வாட் ஆற்றலுள்ள கருவி நிமிடத்திற்கு ஏறத்தாழ 30 கிராம் நீரை ஆவியாக்கவல்லது. கடல்மட்டத்தை ஒட்டிய புதுச்சேரியில் நீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கும். ஒரு கிராம் நீரை உறைநிலையிலிருந்து கொதிநிலைக்குக் கொணர 100 கலோரி வெப்பம் போதும். ஆனால், கொதிக்கும் அந்நீரை ஆவியாக்க மேலும் 540 கலோரி வேண்டும். இவ்வெப்பம் ஆவியினுள் மறைந்து நிற்கிறது. ஆவி குளிர்ந்த துணியைத் தொட்டு மீண்டும் நீராகும்போது, மறைந்திருந்த வெப்பம் முழுவதும் இழைக்குச் சேர்கிறது. உடன் ஈரமும் சேர்கிறது. ஆகவே, பிணைப்பைத் தளர்த்தும் முதற்செயலை ஆவி மிக விரைவிற் செய்துவிடுகிறது.

ஆனால், இழையை நேராக்க ஆவிக்கு எடை இல்லை. தொங்கும் துணியின் எடையும், விளிம்பை இழுத்துப் பிடிக்கும் கையுமே அதனைச் செய்தல் வேண்டும். உலர்த்தும் பணியோ காற்றைச் சார்ந்தது. ஆவியின் வலிமையும் குறைபாடும் இங்கே விளங்கும். தளர்ந்தவுடன் தானே நிமிரும் துணிக்கு ஆவி போதும். அழுத்திப் பிடித்தாலன்றி நிமிராத துணிக்குப் பெட்டியே வேண்டும்.

தானே நிமிரும் துணிக்குக் கம்பளி சிறந்த எடுத்துக்காட்டு. ஆண்டுதோறும் சூலை 14 ஆம் நாள் பிரெஞ்சு நாட்டின் தேசிய விழா புதுச்சேரியிலும் கொண்டாடப்படுகிறது. பிரெஞ்சுப் படையிற் பணியாற்றி ஓய்வுபெற்ற தமிழர் மார்பிற் பதக்கங்களுடன் கடற்கரைச் சாலையின் போர் நினைவுச் சின்னத்தருகே கூடுவர். இத்தகைய நாளுக்கென மடித்து வைத்த கம்பளிக் கோட்டு ஒன்றில் சுருக்கம் விழுந்திருப்பின், அதனைக் கரிப்பெட்டியால் அழுத்தலாமா? அழுத்தினால் மேலெழுந்து நிற்கும் மென்மயிர் படுத்துவிடும். துணி பளபளத்துத் தேய்ந்தது போலத் தோன்றும். சூடு மிகுந்தால் கருகவும் கூடும். ஆவியோ கம்பளியை மலர்த்துகிறது. கம்பளி இழை, சுருள்வில் போன்று மடிந்த மூலக்கூறுகளால் ஆயது. ஈரவெப்பத்தில் இழுத்தால் அம்மடிப்புகள் விரிகின்றன, விட்டால் மீள்கின்றன. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் 1930களில் ஆஸ்ட்பரி என்னும் அறிஞர் எக்ஸ் கதிர்களின் துணையால் இதனை விளக்கினார். இயல்பான நிலைக்கு மீளும் இத்தன்மையே கம்பளியின் சுருக்கத்தை ஆவியால் மறையச் செய்கிறது. வெல்வெட்டுத் துணிக்கும் இது பொருந்தும்.

பட்டும் செயற்கை இழைகளும் மிகுந்த சூட்டைத் தாங்கா. நைலான் போன்ற இழைகள் சூடு மீறினால் இளகிப் பெட்டியில் ஒட்டிக்கொள்ளும். ஆடையின் உட்புறத்தில் தைத்துள்ள சிறு துண்டில் இஸ்திரிப் பெட்டியின் படமும் அதனுள் புள்ளிகளும் இருக்கும். ஒரு புள்ளி 110 பாகைக்கும், இரு புள்ளிகள் 150 பாகைக்கும், மூன்று புள்ளிகள் 200 பாகைக்கும் மேற்படலாகாது என்று குறிப்பன. பெட்டியின்மேல் கோடு குறுக்கிட்டிருப்பின் அவ்வாடையைத் தேய்த்தலே கூடாது. கரிப்பெட்டிக்குச் சூட்டை அளக்கும் கருவி இல்லை; தொழிலாளியின் பழக்கமே அளவுகோல். காற்றில் வெளிப்படும் ஆவியோ 100 பாகையை ஒட்டியே நிற்பதால், துணி கருகும் அச்சம் குறைவு. எனினும், பட்டில் நீர்த்துளி சொட்டினால் கறை படியலாம். ஆதலின், பட்டை உட்புறமாகத் திருப்பி, கருவியைச் சற்றுத் தள்ளிப் பிடித்தல் நன்று.

பெட்டிக்கே உரிய இடமும் உண்டு. கஞ்சியிட்ட வேட்டி, தடித்த பருத்திச் சட்டை, பள்ளிச் சீருடையின் மடிப்பு ஆகியன ஆவிக்கு வசப்படுவதில்லை. புதுச்சேரிக் காவலர் பிரெஞ்சு ஆட்சிக் கால மரபைத் தொடர்ந்து சிவப்புக் கெப்பித் தொப்பி அணிவர். அத்தொப்பிக்கு ஏற்பக் காற்சட்டையில் வாள்முனை போன்ற மடிப்பு நிற்க வேண்டுமாயின், எடையுள்ள பெட்டியே அதனை ஆக்கவல்லது. கடற்காற்றில் ஈரம் மிகுந்த ஊர் ஆதலின், ஆவி பாய்ச்சிய துணி இங்கே உலர்வதற்கும் நேரம் ஆகும். ஈரம் உலருமுன் உடுத்தினால் புதிய சுருக்கங்கள் விழும். சில நிமிடங்கள் தொங்கவிட்டு உடுத்துவதே முறை.

ஆவிக் கருவியைக் கையாள்வோர் விழிப்புடன் இருத்தல் வேண்டும். வெண்புகை போலக் கண்ணுக்குத் தோன்றுவது ஆவியன்று. அது குளிர்ந்து உண்டான நுண்துளிகளே. உண்மையான ஆவி கண்ணுக்குப் புலப்படாது. கருவியின் வாயருகே அது மறைந்து நிற்கிறது. தோலிற் பட்டால், முன்னர்க் கூறிய மறைவெப்பம் முழுவதும் தோலுக்குச் சேரும். கொதிநீர்ப் புண்ணினும் ஆவிப்புண் கொடியது. ஆகவே, உடுத்தியிருக்கும் ஆடையின்மீது ஆவியைப் பாய்ச்சுதல் ஒருபோதும் ஆகாது. உப்பும் சுண்ணமும் மிகுந்த கிணற்றுநீரை ஊற்றினால், படிவு தங்கிக் கருவியின் வாய் அடைபடும். தூய நீரையே ஊற்றுதல் வேண்டும்.

இங்ஙனம் வீட்டுக்கொரு கருவி வருமாயின், தெருவில் இஸ்திரி போடுவோரின் பிழைப்பு என்னாகும் என்று கேட்போர் உளர். அது தள்ளத்தக்க கேள்வியன்று. கரிப்பெட்டி அவருக்கு வாழ்வு தருகிறது. ஆனால், கரி எரியும்போது எழும் புகையையும் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வளியையும் நாள்முழுதும் நுகரச் செய்கிறது. இத்துன்பத்தை உணர்ந்தவர், அப்போது திருவண்ணாமலைப் பள்ளி மாணவியாக இருந்த வினிஷா உமாசங்கர். கதிரவன் ஒளியால் இயங்கும் இஸ்திரி வண்டியை அவர் வடிவமைத்தார். அதற்காக 2020 ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டிலிருந்து வழங்கப்படும் சிறுவர் தட்பவெப்பப் பரிசைப் பெற்றார். 2021 ஆம் ஆண்டில் கிளாஸ்கோ நகரில் நடைபெற்ற உலகத் தட்பவெப்ப மாநாட்டிலும் உரையாற்றினார். எல்லாரும் நாள்தோறும் கண்டு கடந்து சென்ற கரிக் குவியலை அவர் நின்று நோக்கினார். அந்நோக்கே புதுப்பொருளைப் படைத்தது.

கருவி மாறலாம், தொழிலறிவு மாறுவதில்லை. எந்த இழைக்கு எவ்வளவு ஈரம், எவ்வளவு சூடு, எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்பதைக் கைப்பழக்கத்தால் அறிந்தவர் அத்தொழிலாளியே. அவர் கையில் ஆவிக் கருவியும் சேருமாயின், முன்னர் ஏற்கத் தயங்கிய கம்பளியையும் பட்டையும் அவர் துணிந்து ஏற்பார். பெட்டி பெரிதா, ஆவி பெரிதா என்று வழக்காடுதல் பயனற்றது. துணியின் இயல்பை அறிந்து அதற்கேற்ற கருவியைத் தேர்தலே அறிவுடைமை. சீருடையை உடுத்திப் பள்ளிக்குச் செல்லும் மாணவர், அதன் ஒவ்வொரு மடிப்பிலும் இயற்கையின் விதியொன்றும் உழைப்பாளி ஒருவரின் கைத்திறனும் சேர்ந்து நிற்றலை நினைவிற் கொள்வாராக.