வெல்டிங்கா, பட்டனா?



போன செமஸ்டரில் எங்கள் ஹாஸ்டல் அயர்ன் பாக்ஸின் பேக்கலைட் கைப்பிடி இரண்டாக உடைந்துவிட்டது. விளிம்பைச் சூடாக்கினால் உருகி ஒட்டிக்கொள்ளும் என்று நினைத்து, லேபில் யாரும் பார்க்காத நேரம் பர்னரில் காட்டினேன். உருகவில்லை, கருகியது! நாற்றத்தை வைத்தே சார் என்னைப் பிடித்துவிட்டார்.

"ஏம்ப்பா, தெர்மோசெட் எதுன்னு கூடவா தெரியாது?"

"உடைஞ்சா திரும்ப ஒட்டுற பொருளே கிடையாதா சார்?"

"நல்ல கேள்வி. லைப்ரரியில நீயே தேடு" என்றார். தேடிக் கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பாலிமர் என்பது ஆயிரக்கணக்கான சின்ன மூலக்கூறுகள் கைகோத்து நிற்கும் நீளச் சங்கிலி. 1920-ல் ஜெர்மனியின் ஹெர்மன் ஸ்டௌடிங்கர் இதைச் சொன்னபோது பலர் நம்பவில்லை. 1953-ல் அவருக்கே நோபல் பரிசு கிடைத்தது. இந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் சகப்பிணைப்பு. நம் ஒர்க்ஷாப் பாஷையில் சொன்னால் வெல்டிங் ஜாயிண்ட். பேக்கலைட்டில் சங்கிலிகளையே குறுக்கும் நெடுக்குமாக வெல்டிங் பண்ணியாச்சு. சூடாக்கினாலும் நகர வழியில்லை. அதனால்தான் கருகியது.

வெல்டிங் இல்லாமல் சங்கிலி கட்ட முடியுமா? முடியும் என்று காட்டியவர்களில் முக்கியமானவர் நெதர்லாந்தின் ஐண்ட்ஹோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வேதியியலாளர் இ. டபிள்யூ. மெய்யர். அவர் குழு பயன்படுத்தியது ஹைட்ரஜன் பிணைப்பு. தண்ணீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கிறதே, அதே பிணைப்புதான். சகப்பிணைப்போடு ஒப்பிட்டால் ரொம்ப பலவீனம். சட்டையில் வைக்கும் பிரஸ் பட்டன் மாதிரி, இழுத்தால் கழன்றுவிடும். ஆனால் நாலு பட்டனை வரிசையாக வைத்தால்?

1997-ல் அவர்கள் செய்தது அதுதான். யூரிடோபிரிமிடினோன் என்ற தொகுதி, தன்னைப் போன்ற இன்னொன்றோடு நாலு ஹைட்ரஜன் பிணைப்புகளால் ஒரே நேரத்தில் கோத்துக்கொள்ளும். சின்ன மூலக்கூறின் இரண்டு முனையிலும் இதை வைத்தார்கள். யாரும் கோக்காமலே, அவை கரைசலில் தாமாகச் சேர்ந்து நீளச் சங்கிலியாகி, பாலிமர் போலவே பாகாக நின்றன. சூடாக்கினால் பட்டன் கழன்று பாகு நெகிழ்கிறது. ஆறவிட்டால் மறுபடி மாட்டிக்கொள்கிறது! இதற்குப் பெயர் மீமூலக்கூறு பாலிமர்.

என் கேள்விக்கு நேரான பதில் 2008-ல் வந்தது. பாரிஸில் லுட்விக் லைப்ளர் குழு, தாவர எண்ணெயிலிருந்து வரும் கொழுப்பு அமிலத்தையும் யூரியாவையும் முக்கிய மூலப்பொருளாக வைத்து ஒரு ரப்பர் செய்தது. வெட்டிய துண்டுகளை உடனே சேர்த்து வைத்தால், சாதாரண அறை வெப்பத்திலேயே ஒட்டிக்கொள்கிறது. பசை வேண்டாம், பர்னரும் வேண்டாம்! வெட்டிய முகத்தில் ஜோடி இழந்த பட்டன்கள் புது ஜோடியைத் தேடிக்கொள்கின்றன.

அப்படியானால் எல்லாவற்றையும் இதிலேயே செய்யலாமே என்று கேட்கலாம். அங்கேதான் சிக்கல். கழன்று மாட்டும் பிணைப்பு, நீண்ட நேரம் சுமை தாங்கினால் மெல்ல இழுபட்டுவிடும், சூட்டில் இளகும். அயர்ன் பாக்ஸ் கைப்பிடிக்கு இது ஆகாது. அங்கே பேக்கலைட்தான் ராஜா.

பலமான பிணைப்புதான் நல்ல பிணைப்பு என்று நான் நினைத்திருந்தேன். கருகிய கைப்பிடி கற்றுக்கொடுத்தது வேறு. கழற்றவே முடியாத பொருள் உடைந்தால் குப்பைக்குத்தான் போகும். கழற்ற முடிந்தால் மறுபடி பயன்படும். நாளை டிசைன் டேபிளில் உட்காரப்போகிற நாம், "எவ்வளவு தாங்கும்?" என்பதோடு "உடைந்தால் என்ன ஆகும்?" என்றும் கேட்போம்.

புது அயர்ன் பாக்ஸுக்கு ரூம்மேட்ஸ் என்னிடம்தான் காசு வசூலித்தார்கள் என்பது தனிக்கதை!

— வேதிப் பொறியியல், இரண்டாம் ஆண்டு