மலையில் ஓட நிதானம் வேண்டும்!

கோட்டூர்புரம் அடையாற்றின் கரையில் உள்ள சமதரை. அங்கே தினமும் காலையில் ஓடிப் பழகியவருக்குத் தம் கால்களின் மேல் நல்ல நம்பிக்கை இருக்கும். அவர் மேற்கே உள்ள பரங்கிமலையில் ஓடி ஏறினால் என்ன ஆகும்? பாதி வழியிலேயே மூச்சு வாங்கும்!

நான்கு குடம் தண்ணீர்

ஏன் அப்படி? பரங்கிமலையின் உயரம் சுமார் 300 அடி. அதாவது 30 மாடி உயரம். 60 கிலோ எடை உள்ளவர் அதன் மேல் ஏறும்போது, அந்த 60 கிலோவையும் அவர் கால்களே தூக்குகின்றன. ஒரு குடம் 15 லிட்டர் என்று வையுங்கள். நான்கு குடம் தண்ணீரை 30 மாடிக்குத் தூக்குவதும் இதுவும் ஒன்றுதான்!

காட்டிலும் மலையிலும் ஓடுவது இன்று உலகமெங்கும் பரவியுள்ள விளையாட்டு. அதில் தேர்ந்தவர்கள் செங்குத்தான இடத்தில் என்ன செய்கிறார்கள், தெரியுமா? நடக்கிறார்கள்! சின்னச் சின்ன அடி வைத்து ஏறுகிறார்கள். பேச முடியாதபடி மூச்சு வாங்கினால் நீங்களும் நடக்க வேண்டியதுதான். நெஞ்சு வலித்தால் உடனே நின்று, டாக்டரைப் பார்க்க வேண்டும்.

இறங்கும்போதும் கவனம் தேவை. ஒவ்வோர் அடியிலும் தொடைத் தசை உடலைத் தாங்கி நிறுத்துகிறது. மறுநாள் தொடை வலிப்பது பெரும்பாலும் இதனால்தான்.

வியாபாரி கட்டிய படிகள்

பரங்கிமலைக்குப் படி கட்டியவர் பெட்ரூஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வியாபாரி. 1726-ல் சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே பாலம் கட்டியவரும் அவரே. உச்சியில் உள்ள மாதா கோவிலுக்குப் போகிறவர்களுக்காகவே அவர் படிகளைக் கட்டினார். ஆகவே அங்கே ஓடுகிறவர், மெல்ல ஏறிவரும் பெரியவர்களுக்கு வழிவிட வேண்டும்.

நெருப்பை முந்த முடியாது

பரங்கிமலையில் பழகியவருக்குப் பெரிய காட்டு மலைகளின் மேல் ஆசை வரும். அங்கே நிதானம் இன்னும் அதிகம் தேவை. 2018 மார்ச் 11-ந் தேதி, தேனி மாவட்டம் குரங்கணி மலைக்காட்டில் தீ பரவியது. மலையேறப் போனவர்களில் 20 பேருக்கு மேல் மாண்டனர்.

காய்ந்த புல்லில் பற்றிய தீ, சரிவில் மேல்நோக்கி அதிவேகமாக ஏறும். எந்த ஓட்டக்காரரும் அதை முந்த முடியாது. வனத்துறையின் அனுமதி இல்லாமல் காட்டுக்குள் போகாதீர்கள். "இன்று வேண்டாம்" என்று அவர்கள் சொன்னால் திரும்பி விடுங்கள். மலை எங்கும் ஓடிவிடாது!