சில்லைப் பிணிக்கும் சிறு பிடி

துவிச்சக்கரவண்டியின் சிறப்பு, அதன் உரிமையாளனே அதனைச் செப்பனிட இயலும் என்பதாகும். எனினும், கஹவத்தையிலிருந்து கொடகவெலை நோக்கி மழையிற் செல்லுங்கால் டியூப் காற்றிழந்துவிடின், அச்சின் இருபுறத்து நட்டுகளையும் கழற்றுதற்குரிய ஸ்பனர் இல்லாதவனுக்கு அச்சிறப்பாற் பயன் யாது? யானும் அவ்வாறு வண்டியை உருட்டிச் சென்று, முதற்பாடம் முடிந்தபின் பாடசாலையை அடைந்ததுண்டு.

இக்குறைக்கு வழிகண்டவர் இத்தாலிய ஓட்ட வீரர் துல்லியோ கம்பஞோலோ. அக்காலத்துப் பந்தய வண்டிகளிற் கியர் மாற்றுதற்குப் பின்சில்லைக் கழற்றித் திருப்பிப் பூட்டவேண்டியிருந்தது. 1927இல் குரோசே தாவுனே கணவாயில், குளிரால் விரல்கள் விறைத்து நட்டைத் திருக இயலாது தவித்தமையே அவரது விரைவுப்பூட்டுக்கு வித்தாயிற்று என்பர். 1933இல் விசென்சா நகரில் தமது தொழிலகத்தையும் நிறுவினார்.

இதன் அமைப்பு எளிது. உட்டுளையுள்ள அச்சினூடே மெல்லிய கம்பியொன்று செல்லும். அதன் ஒருமுனையில் நட்டும், மறுமுனையிற் கைப்பிடியும் உள. பிடியின் அடியிலுள்ள உருளை மையம் விலகியது. ஆதலின் பிடியை மடக்குங்கால் கம்பி இழுபட்டு, சட்டகத்தின் நுனிகள் அச்சோடு இறுகுகின்றன.

ஈண்டு ஒரு தவறு பெரிதும் நிகழ்கின்றது. நம் மாணவர் இப்பிடியையும் நட்டெனக் கருதிச் சுழற்றிவிட்டுப் போய்விடுகின்றனர். சுழற்றுதல் அளவைச் சரிசெய்தற்கு மட்டுமே, இறுக்குவது மடக்குதலே. பாதி மடங்கும்போதே எதிர்ப்புத் தோன்றி, முடிவில் உள்ளங்கையிற் சுவடு பதியவேண்டும். இன்றேல் முன்சில்லு கழன்றுவிடக்கூடும். தேயிலைமலை இறக்கத்தில் அதன் விளைவைச் சொல்லவேண்டா.

இப்பூட்டுக் கள்வனுக்கும் உதவும் என்பர் சிலர். மெய்யே, கடைவீதியில் வண்டியை நிறுத்துவோர் சங்கிலியைச் சில்லுகளினூடும் கோத்துப் பூட்டுக.