மகன் விட்ட இடத்திலிருந்து

2017 ஜனவரி 31. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், இஸ்லமொராடா கரைக்கு அப்பால் மூழ்கிக் கிடக்கும் ஒரு கப்பலருகே கடலில் இறங்கியிருந்தார் ராப் ஸ்டூவர்ட். கனடாவைச் சேர்ந்த ஆவணப்பட இயக்குநர், வயது 37. அன்றைய மூன்றாவது முக்குளிப்பை முடித்து மேலே வந்தவர், படகில் ஏறுவதற்குள் காணாமல் போனார். மூன்று நாள் தேடலுக்குப் பிறகு சுமார் 220 அடி ஆழத்தில் உடல் கிடைத்தது. பெற்றோர் பிரையனுக்கும் சாண்டிக்கும் மிஞ்சியவை பாதியில் நின்ற ஒரு படம், மணிக்கணக்கான காட்சிகள், மகன் எழுதிவைத்த குறிப்புகள்.

அந்தப் படம் சுறாக்களைப் பற்றியது. தன் இருபது வயதுகளின் தொடக்கத்தில் கலாபகஸ் தீவுகளுக்குப் படமெடுக்கப் போன ராப், அங்கே திருட்டுத்தனமாகப் போடப்பட்ட நீளத் தூண்டில்களில் சுறாக்கள் மாட்டிக் கிடந்ததைப் பார்த்தார். துடுப்பை மட்டும் அறுத்தெடுத்துக்கொண்டு, உயிரோடு துடிக்கும் உடலைக் கடலிலேயே தள்ளிவிடுவதுதான் அந்தத் தொழிலின் வழக்கம். துடுப்புக்குத்தான் விலை, சூப்புக்குப் போகிறது. உடல் படகின் இடத்தை அடைக்கும் சுமை. துடுப்பில்லாத சுறாவால் நீந்த முடியாது. அடியில் போய்ச் செத்துப்போகும். இதைக் காட்டிய அவரது ‘ஷார்க்வாட்டர்’ 2006-ல் டொராண்டோ திரைப்பட விழாவில் வெளியானது.

பசிபிக் பெருங்கடலில் உள்ள சைபன் தீவில் ஒரு வகுப்புப் பிள்ளைகள் அந்தப் படத்தைப் பார்த்தார்கள். பார்த்ததோடு விடவில்லை, சட்டமன்றத்தை வலியுறுத்தினார்கள். 2011-ல் சைபன் அடங்கிய வடக்கு மரியானா தீவுகளில் சுறாத் துடுப்பு வணிகத்துக்குத் தடை வந்தது. பள்ளிப் பிள்ளைகளின் பேச்சைக் கேட்டு ஒரு அரசு கடலைக் காக்கிறதென்றால், அந்தப் படத்துக்கு இதைவிடப் பெரிய விருது எதுவும் இல்லை.

நமக்கும் சுறா புதிதில்லை. பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுறாப் புட்டு போடாத கடற்கரை வீடு ஏது? கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர்க்காரர்கள் ஆழ்கடல் சுறாப் பிடிப்புக்குப் பேர்போனவர்கள். முழு மீனையும் கரைக்குக் கொண்டுவந்து உண்பதும், துடுப்பை அறுத்துவிட்டு உடலை எறிவதும் ஒன்றல்ல. இந்திய அரசு 2013-ல், பிடித்த சுறாவைத் துடுப்போடுதான் கரை சேர்க்க வேண்டும் என்று விதித்தது. 2015-ல் துடுப்பு ஏற்றுமதியையே தடை செய்தது. ஆனாலும் மீன்களில் மிக மெதுவாகப் பெருகுபவற்றில் ஒன்று சுறா. பல இனங்கள் பருவத்துக்கு வரவே பத்து வருஷத்துக்கு மேலாகும். ஈனுவதும் சில குட்டிகள்தான். 1970-க்குப் பிறகு திறந்த கடலின் சுறா, திருக்கைகளின் எண்ணிக்கை 71 சதவீதம் சரிந்துவிட்டதாக 2021-ல் ‘நேச்சர்’ இதழ் ஆய்வு சொன்னது.

ராப்பின் பெற்றோர் கனடாவில் சினிமா இதழ் நடத்திவந்தவர்கள். திரையுலகம் பழக்கமானதுதான், ஆனால் இறந்துபோன மகனின் படத்தை முடிப்பது எந்தப் பெற்றோருக்கும் பழக்கமான வேலை அல்ல. படத்தொகுப்பாளர் நிக் ஹெக்டரோடு உட்கார்ந்து, குறிப்புகளையும் காட்சிகளையும் கோத்தார்கள். மகனின் குரலே படத்தை நடத்திச் செல்கிறது. 2018-ல் ‘ஷார்க்வாட்டர் எக்ஸ்டிங்ஷன்’ வெளியானது.

அதில் ஒரு பகுதி கலிஃபோர்னியாக் கரையில் நடக்கிறது. வாள்மீனுக்காக இரவில் மிதக்கவிடும் மைல் நீளச் செவுள் வலையில் சுறா, டால்ஃபின், ஆமை என எல்லாம் மாட்டும். நீருக்கடியில் அந்த வலைகளைப் படம் பிடித்திருந்தார் ராப். 2018 செப்டம்பரில் அந்த வலைகளைப் படிப்படியாக ஒழிக்கும் சட்டத்தைக் கலிஃபோர்னியா இயற்றியது; 2022 டிசம்பரில் அமெரிக்க மத்திய அரசும் அதே வழிக்கு வந்தது. சொந்த நாட்டிலோ சண்டை நீண்டது. ஆசியாவுக்கு வெளியே சுறாத் துடுப்பை அதிகம் இறக்குமதி செய்த நாடு கனடா. தடை மசோதாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிடப்பில் விழுந்தன. மகனின் பெயரில் அமைப்பு தொடங்கிய பெற்றோர் விடாமல் குரல் கொடுத்தார்கள். 2019 ஜூனில் மீன்வளச் சட்டத் திருத்தத்தோடு தடையும் நிறைவேறியது. ஜி7 நாடுகளில் அதைச் செய்த முதல் நாடு கனடா.

பிள்ளையின் நினைவாக என்றால் நம் பக்கம் பரிசுக் கோப்பை, கல்வெட்டு, அன்னதானம் என்று போகும். அவற்றில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பிள்ளை எதை நேசித்ததோ அதையே கையில் எடுப்பதில், அந்தப் பிள்ளையின் குணமும் சேர்ந்து உயிரோடிருக்கிறது.

எல்லாப் பிள்ளையும் பாதி வேலையை விட்டுப் போவதில்லை. 2012 டிசம்பர் 14 அன்று அமெரிக்காவின் நியூடவுனில், சாண்டி ஹூக் பள்ளித் துப்பாக்கிச் சூட்டில் இறந்த 20 குழந்தைகளில் ஒருத்தி கேத்தரின் வயலட் ஹப்பர்ட். வயது ஆறு. அவள் விட்டுப்போனது தானே செய்த விசிட்டிங் கார்டுகளை: ‘கேத்தரினின் விலங்குக் காப்பகம்’ என்று பெயர், கீழே தனக்குக் ‘காப்பாளர்’ என்ற பதவி. பட்டாம்பூச்சி கையில் வந்து உட்கார்ந்தால், தான் அன்பானவள் என்று அதன் நண்பர்களிடம் போய்ச் சொல்லச் சொல்லுவாளாம்.

பூங்கொத்து வேண்டாம், விலங்குகளுக்கு நன்கொடை கொடுங்கள் என்றது குடும்பம். முகம் தெரியாதவர்களிடமிருந்தெல்லாம் பணம் வந்தது. பிறகு கனெக்டிகட் மாநில அரசு 34 ஏக்கர் நிலம் தந்தது. அந்த நிலத்துக்கு இன்று அவள் கார்டில் எழுதிய கனவின் வடிவம் வந்துகொண்டிருக்கிறது. பட்டாம்பூச்சிக்குக்கூட நிலம்தான் முதல் தேவை. அமெரிக்காவின் மொனார்க் பட்டாம்பூச்சிப் புழு, நம் எருக்குக்கு உறவான ஒரு பால்செடியின் இலையை மட்டுமே தின்னும். அந்தச் செடி நிற்க இடமில்லாவிட்டால் பூச்சியும் இல்லை. அவள் நினைவாகத் தாய் ஜெனிஃபர் முன்னின்று நடத்தும் அமைப்பு ஆண்டுதோறும் பட்டாம்பூச்சி விழா எடுக்கிறது. தனியாக வாழும் வருமானம் குறைந்த முதியவர்கள் தங்கள் நாயையும் பூனையையும் கைவிடாமல் வைத்துக்கொள்ள, தீனிக்கும் வைத்தியத்துக்கும் உதவுவதும் அதன் வேலைகளில் ஒன்று.